ஏபி ஐரோப்பிய வரலாறு இணையவழியில்: நேரலையா, வாரக் கெடுவா, சுயபடிப்பா?

ஏபி என்பது உயர்நிலைப் பள்ளியிலேயே கல்லூரித் தரப் பாடம் ஒன்றைப் படித்து, மே மாதம் பொதுத் தேர்வு எழுதும் அமெரிக்கத் திட்டம். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் ஏபி உலக வரலாறு இருக்கும், ஏபி ஐரோப்பிய வரலாறு இருக்காது. நாடு முழுக்கப் பார்த்தாலும் உலக வரலாற்றுத் தேர்வை எழுதுகிறவர்கள் பல மடங்கு அதிகம். அதனால், மாணவர்கள் 'ஏபி ஈரோ' என்று சுருக்கிச் சொல்லும் இந்தப் பாடத்தை விரும்பும் பிள்ளை பெரும்பாலும் பள்ளிக்கு வெளியே, இணையவழியில்தான் இடம் தேட வேண்டியிருக்கிறது. பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படிக்கும் ஹோம்ஸ்கூல் பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டாம்.

தேடினால் நான்கு வழிகள் கண்ணில் படும். குறித்த நாளில் குறித்த மணிக்கு ஆசிரியரோடு ஜூமில் உட்காரும் நேரலை வகுப்பு ஒன்று. நேரலை இல்லாமல், ஆனால் வாரா வாரம் கெடு வைத்து ஆசிரியர் நடத்தும் வகுப்பு இன்னொன்று. மூன்றாவது, கெடுவே இல்லாமல் நம் வேகத்துக்குப் போகும் வகுப்பு. கடைசியாக, வகுப்பிலேயே சேராமல் தானாகப் படித்து மே மாதம் தேர்வை மட்டும் எழுதுவது.

பெற்றோர் முதலில் கேட்பது "லைவா, ரெக்கார்டிங்கா?" என்றுதான். நான் அதை இரண்டாவதாக வைப்பேன். பிள்ளை எழுதும் கட்டுரையை யார் படிக்கிறார், எத்தனை நாளில் திருப்பித் தருகிறார் என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. ஏன் என்பது தேர்வின் அமைப்பைப் பார்த்தால் தெரியும்.

தேர்வு 3 மணி 15 நிமிடம். 55 நிமிடத்தில் 55 கொள்குறி வினாக்கள், மொத்த மதிப்பில் 40 விழுக்காடு. அப்புறம் 40 நிமிடத்தில் மூன்று குறுவிடைகள், 20 விழுக்காடு. அதற்குப் பிறகு ஆவணங்களை வைத்து எழுதும் கட்டுரை, எல்லோரும் டிபிக்யூ என்று சொல்வது: 60 நிமிடம், 25 விழுக்காடு. கடைசியில் 40 நிமிட நெடுங்கட்டுரை, எல்ஈக்யூ, 15 விழுக்காடு. ஆக 60 விழுக்காடு எழுத்து. மீதி 40கூட மனப்பாடத்தில் வருவதில்லை. ஒரு கடிதத் துணுக்கையோ கேலிச்சித்திரத்தையோ வரைபடத்தையோ கொடுத்து, அதை ஒட்டி மூன்று நான்கு வினாக்கள் கேட்பார்கள். வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கை 1648 என்று தெரிந்தால் மட்டும் போதாது. அந்தத் துணுக்கை எழுதியவர் அந்த உடன்படிக்கையை ஏன் வெறுக்கிறார் என்று கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும்.

பாடத்தின் நீளமும் சாதாரணமில்லை. சுமார் 1450இல், மறுமலர்ச்சியில் தொடங்கி இன்றைய ஐரோப்பிய ஒன்றியம் வரை ஒன்பது அலகுகள். தேர்வில் ஒவ்வொன்றுக்கும் 10 முதல் 15 விழுக்காடு. எதையும் தள்ளிவிட முடியாது என்று அர்த்தம். லூதருக்கும் எட்டாம் ஹென்றிக்கும் இலையுதிர் காலம் முழுவதையும் கொடுத்துவிட்டு, 1945க்குப் பிந்தைய ஐரோப்பாவை ஏப்ரல் கடைசியில் அள்ளித் தெளிக்கும் வகுப்புகள் உண்டு. கால அட்டவணையை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் பிரெஞ்சுப் புரட்சியையாவது தொட்டிருக்க வேண்டும். தொடவில்லை என்றால் பின்னால் மூச்சுத் திணறும்.

எந்த வழியைப் பிடித்தாலும் கல்லூரித் தரப் பாடநூல் ஒன்றை வாரத்துக்கு ஓர் அத்தியாயம் என்ற வேகத்தில் படித்தாக வேண்டும். அதோடு மூல ஆவணங்கள், குறிப்பெடுத்தல், ஒரு குறுவிடைத் தொகுப்போ கட்டுரையோ. வாரத்துக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறைவாக இதைச் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்கு ஒன்பது, பத்து மணி நேரம் ஆகும். பள்ளியில் இந்தச் சுமையில் பாதி வகுப்பறையிலேயே கழிந்துவிடும். இணையவழியில் பெரும்பகுதி பிள்ளையின் மேஜையில், பக்கத்தில் யாரும் இல்லாமல் கழிகிறது.

இப்போது நேரலை வகுப்பு. வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ அமர்வு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் அல்லது ஒன்றரை மணி நேரம். நன்றாக நடந்தால் இதற்கு இணை இல்லை. முதல் உலகப் போருக்கு யார் பொறுப்பு என்று ஆசிரியர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை ஜெர்மனி என்கிறது. 1914 ஜூலை 5 அன்று ஆஸ்திரியாவுக்கு நிபந்தனையற்ற ஆதரவு தந்தது ஜெர்மனிதானே என்று காரணமும் சொல்கிறது. சரி, அப்படியானால் ஜூலை 30 அன்று ரஷ்யா பொதுப் படைத்திரட்டலுக்கு உத்தரவிட்டதை எங்கே வைப்பாய் என்று ஆசிரியர் திருப்பிக் கேட்கிறார். இன்னொரு பிள்ளை செர்பியாவை இழுக்கிறது. இருபது நிமிடத்தில் அந்தக் குழுவுக்கு ஒரு எல்ஈக்யூவின் எலும்புக்கூடு கிடைத்துவிடுகிறது. இதை எந்தக் காணொளியும் தராது.

ஆனால் இது பத்துப் பதினைந்து பேர் உள்ள வகுப்பில்தான் நடக்கும். நூறு பேர் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் நேரலை, குறித்த நேரத்துக்குப் பார்க்க வேண்டிய தொலைக்காட்சி. அதற்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் பொருளில்லை. வகுப்பில் எத்தனை பேர், ஓர் அமர்வில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு முறையாவது பேச வேண்டுமா என்று கேளுங்கள். "கேள்விகளைச் சாட்டில் போடலாம்" என்பது பதிலாக வந்தால் முடிவு தெரிந்துவிட்டது.

நேர மண்டலத்தையும் மறந்துவிடக் கூடாது. கிழக்குக் கரை ஆசிரியரின் காலை 9 மணி வகுப்பு கலிஃபோர்னியாப் பிள்ளைக்குக் காலை 6 மணி. செப்டம்பரில் உற்சாகமாக எழுந்துவிடுவார்கள். பிப்ரவரியில் ரெக்கார்டிங்தான். ரெக்கார்டிங் பார்க்கிற நாளிலேயே நேரலைக்காகக் கொடுத்த பணம் வீண்.

நேரலையில் பேசிப் பேசி எழுத்து பின்தங்கும் ஆபத்தும் இருக்கிறது. வாயால் அழகாக வாதாடும் பிள்ளைக்கு 60 நிமிடத்தில் ஏழு ஆவணங்களைப் படித்து எழுத வராமல் போகலாம். வகுப்பு எவ்வளவு சுவையாக இருந்தாலும், மாதம் ஒரு முறையாவது கடிகாரத்தை வைத்து எழுதவைக்காத வகுப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்து வாரக் கெடு வகுப்பு. கேட்பதற்குக் கவர்ச்சி குறைவு. ஆசிரியர் முகமே மாதத்துக்கு ஒரு முறைதான் தெரியலாம். திங்கட்கிழமை வாசிப்பும் ஆவணங்களும் வரும்; வாரக் கடைசிக்குள் வினாடிவினாவை முடித்து, எழுத்துப் பணியை ஒப்படைக்க வேண்டும்; நடுவில் சக மாணவர் ஒருவரின் வாதத்துக்கு எழுத்திலேயே பதில் சொல்ல வேண்டும். தாமதமானால் மதிப்பெண் குறையும். அவ்வளவுதான்.

ஆனால் இங்கே எல்லாமே எழுத்தில் நடக்கிறது. ஆசிரியரின் நேரமும் அமர்வு நடத்துவதில் செலவாகாமல் திருத்துவதில் செலவாகிறது. நல்ல திருத்தம் என்றால் எப்படி இருக்கும்? ஒரு மாணவி இப்படி எழுதுகிறாள்: "பதினான்காம் லூயி ராணுவம், மதம், நிர்வாகம் ஆகியவற்றின் மூலம் தன் அதிகாரத்தைப் பெருக்கினார்." இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இது ஒரு பட்டியல். திருத்துகிறவர் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதுகிறார்: பிரபுக்கள் ஏன் இதற்கு ஒத்துப்போனார்கள்? அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போனால் அரசர் சிறுவனாக இருந்தபோது பிரபுக்களும் சேர்ந்து அரசுக்கு எதிராக நடத்திய ஃப்ரோந்து கலகத்துக்குப் போக வேண்டும், 1648 முதல் 1653 வரை. 1682இல் அரசவை வெர்சாய்க்கு மாறியதைப் பார்க்க வேண்டும். பிரபுக்களிடம் அரசியல் அதிகாரம் குறைந்தாலும் வரிச்சலுகைகள் அவர்கள் கையிலேயே இருந்தன என்பது அப்போது தெரியவரும். இரண்டாவது பிரதியில் கட்டுரை, அரசருக்கும் பிரபுக்களுக்கும் இடையே நடந்த ஒரு கொடுக்கல் வாங்கலைப் பற்றிய வாதமாக மாறியிருக்கும். இங்கிலாந்தின் 1689 உரிமைச் சட்டத்தோடு ஒப்பிடு என்று அடுத்த வாரம் சொன்னால் அவள் மிரள மாட்டாள்.

டிபிக்யூவில் இது இன்னும் முக்கியம். அதற்கு 7 புள்ளிகள். மையக் கருத்துக்கு ஒன்று, காலச் சூழலை விளக்குவதற்கு ஒன்று, ஆதாரங்களுக்கு மூன்று, பகுப்பாய்வுக்கு இரண்டு. ஆதாரப் புள்ளிகள் முழுதாக வேண்டுமென்றால் குறைந்தது நான்கு ஆவணங்களை வாதத்துக்குத் துணையாக்க வேண்டும், ஆவணங்களுக்கு வெளியே இருந்தும் ஒரு சான்று கொண்டுவர வேண்டும். பிள்ளைகள் இடறுவது பகுப்பாய்வில். குறைந்தது இரண்டு ஆவணங்களுக்கு, எழுதியவரின் நிலையோ நோக்கமோ வாசகரோ சூழலோ வாதத்துக்கு ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டும். ஆசிரியர்கள் இதை சோர்சிங் என்பார்கள். பதினான்காம் லூயியின் அரசவையில் இருந்த சான்-சிமோன் பிரபுவின் நினைவுக் குறிப்பு ஒன்று ஆவணமாக வந்தால், "அரசருக்கு முகஸ்துதி பிடிக்கும் என்று சான்-சிமோன் கூறுகிறார்" என்று எழுதினால் அது சுருக்கம் மட்டும்தான். தன் குலப் பெருமையில் ஊறிய ஒரு பிரபு, கீழ்நிலையிலிருந்து வந்தவர்களை அரசர் உயர்த்தியதில் கசந்துபோனவர், அரசர் இறந்து பல ஆண்டுகள் கழித்து இதை எழுதுகிறார். ஆகவே அந்தக் கசப்பே பிரபுக்களின் இழப்புக்குச் சாட்சி என்று எழுதினால் புள்ளி. இந்த வித்தியாசத்தை ஒரு பிள்ளை விரிவுரை கேட்டுக் கற்றுக்கொள்வது அபூர்வம். தான் எழுதியதை ஒருவர் சிவப்பு மையில் கிழித்துப் போட்ட பிறகுதான் புரியும். அதுவும் எழுதிய ஐந்தாறு நாளுக்குள் கிழிக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து வரும் திருத்தத்தை எந்தப் பிள்ளையும் படிப்பதில்லை, மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும்.

இப்போது சில வகுப்புகளில் முதல் திருத்தத்தை மென்பொருள் செய்கிறது. மையக் கருத்து இருக்கிறதா, எத்தனை ஆவணங்கள் பயன்பட்டிருக்கின்றன என்று அது பார்த்துச் சொல்லும், அதில் குற்றமில்லை. "பிரபுக்கள் ஏன் ஒத்துப்போனார்கள்?" என்று அந்தப் பிள்ளையை அறிந்து கேட்பதற்கு ஆள் வேண்டும். மறுபக்கம், பிள்ளையே கட்டுரையை ஏஐயிடம் எழுதி வாங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. நேரலை இல்லாத வகுப்பில் அது கூடுதல். நேரக் கட்டுப்பாட்டோடு, யாராவது பார்த்துக்கொண்டிருக்க எழுதும் பணிகள் சில இருக்கின்றனவா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

வாரக் கெடு வகுப்பு யாருக்கு ஒத்துவராது? கெடுவை ஞாயிறு இரவு 11 மணிக்குத்தான் நினைத்துப் பார்க்கும் பிள்ளைக்கு. முதல் ஆறு வாரம் ஒரு பெரியவர் நாட்காட்டியைக் கூட இருந்து பார்க்க வேண்டியிருக்கும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை என்றால் அதைவிட அதிக நாள்.

சுயவேக வகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பன்னிரண்டு மாத அனுமதி, எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம் என்று விளம்பரம் இருக்கும். தேர்வோ மே முதல் இரண்டு வாரத்துக்குள் நடந்து முடிந்துவிடும். நவம்பரில் தொடங்கி அக்டோபரில் முடிக்கும் சுதந்திரத்தால் இந்தப் பாடத்தில் ஒரு பயனும் இல்லை. நோய், பயணம், தீவிர விளையாட்டுப் பயிற்சி போன்ற காரணங்களால் வாரக் கெடு சாத்தியமே இல்லாத பிள்ளைக்கு மட்டும் இதை யோசிப்பேன். அப்போதும் வீட்டிலேயே ஓர் அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான்.

தானாகப் படிப்பது முட்டாள்தனம் என்று சிலர் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். வரலாற்றைப் பொழுதுபோக்காகவே படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 1848 புரட்சிகள் வியன்னாவில் ஏன் தோற்றன என்று கேட்டால் நிறுத்தாமல் பேசுவார்கள். அவர்களுக்குத் தேவையான பலவற்றை, ஏபி தேர்வுகளை நடத்தும் காலேஜ் போர்டே இலவசமாக வெளியிடுகிறது: முழுப் பாடத்திட்டம், முந்தைய ஆண்டுகளின் கட்டுரை வினாக்கள், மாணவர்கள் எழுதிய மாதிரி விடைகள், அவற்றுக்கு ஏன் அந்தப் புள்ளி என்ற விளக்கம். இந்தக் கடைசி இரண்டையும் பயன்படுத்த ஒரு முறை உண்டு. மாதிரி விடையை மட்டும் படித்து, எதற்கு எத்தனை புள்ளி என்று சொல்லும் ரூப்ரிக்கை வைத்துப் பிள்ளையே புள்ளி போட வேண்டும். பிறகு அதிகாரபூர்வ விளக்கத்தைத் திறந்து எங்கே விலகினோம் என்று பார்க்க வேண்டும். சில மாதிரிகளுக்குப் பிறகு தேர்வாளரின் கண் ஓரளவு வந்துவிடும். தன் கட்டுரையைத் தானே அதே கண்ணால் பார்ப்பது கடினம்தான். அதற்கு மட்டும் ஒரு வரலாற்று ஆசிரியரிடம் ஆண்டுக்கு ஐந்தாறு கட்டுரைகளுக்குக் கட்டணம் கொடுத்துத் திருத்தி வாங்கலாம். மலிவான வகுப்பு ஒன்றில் சேர்ந்து திருத்தமே பெறாமல் இருப்பதைவிட இது நல்லது என்பது என் எண்ணம்.

குறை என்னவென்றால், மதிப்பெண் பட்டியலில் ஒன்றும் ஏறாது. 'ஏபி' என்ற பெயரைப் போட்டுக்கொள்ள, ஆசிரியரின் பாடத்திட்டம் காலேஜ் போர்டின் ஏபி கோர்ஸ் ஆடிட்டில் தேறியிருக்க வேண்டும். தானாகப் படித்த பிள்ளையிடம் 1 முதல் 5 வரையிலான தேர்வு மதிப்பெண் மட்டும் இருக்கும். பதினோராம் வகுப்பில் கடினமான பாடங்கள் ஏற்கெனவே நிறைய எடுத்திருப்பவருக்கு இது பொருட்டில்லை. பாடச் சுமையைக் காட்டியாக வேண்டிய ஹோம்ஸ்கூல் பிள்ளைக்குப் பெரிய விஷயம்.

அங்கீகாரம் என்றதும் இன்னும் சில. வகுப்பு ஆடிட்டில் தேறியதா என்பதை ஏபி கோர்ஸ் லெட்ஜர் என்ற பொதுப் பட்டியலில் பார்க்கலாம். வெளியில் எடுத்த பாடத்தைப் பிள்ளையின் பள்ளி தன் பட்டியலில் சேர்க்குமா, ஜிபிஏ என்ற சராசரி மதிப்பெண்ணில் கூடுதல் எடை தருமா என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். பணம் கட்டுவதற்கு முன் பள்ளிக் கவுன்சிலரிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். கல்லூரி விளையாட்டுக் கனவு இருந்தால், கல்லூரிப் போட்டிகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதிகள் வேறு. இணையவழிப் பாடத்தில் ஆசிரியரோடு தொடர்ச்சியான தொடர்பும், வரையறுத்த தொடக்கமும் முடிவும் இருக்க வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். சுயவேக வகுப்புகள் அடிபடுவது பெரும்பாலும் இங்கேதான்.

பணம்: மாநில மெய்நிகர்ப் பள்ளி இருக்கும் இடத்தில் முதலில் அங்கே பாருங்கள். ஃப்ளோரிடாவின் மெய்நிகர்ப் பள்ளி 1997இலிருந்து இயங்குகிறது, அந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்குக் கட்டணம் கிடையாது. தனியார் வகுப்புகள் சில நூறு டாலரில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டியும் போகும். விலைக்கும் திருத்தத்தின் தரத்துக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இணையவழி மாணவர்களுக்குப் பழைய பாதகம் ஒன்று போயே போய்விட்டது. முன்பு ஆண்டு முழுக்கத் தட்டச்சு செய்து பழகிவிட்டு மே மாதம் கையால் மணிக்கணக்கில் எழுத வேண்டியிருந்தது. 2025 மே முதல் இந்தத் தேர்வு முழுக்கக் காலேஜ் போர்டின் புளூபுக் செயலியில், கணினியில்தான். ஆவணங்களைத் திரையில் படித்து, திரையிலேயே அடிக்கோடிட்டு, தட்டச்சு செய்ய வேண்டும். இணையவழி வகுப்பில் இதுதான் அன்றாடம். அதற்காக வீட்டிலிருந்தே எழுதலாம் என்று நினைத்துவிடாதீர்கள். 2020இல் பெருந்தொற்றின்போது 45 நிமிடத்தில் ஐந்து ஆவணங்களோடு ஒரே ஒரு டிபிக்யூவை வீட்டிலிருந்து எழுதவைத்தார்கள். அது அந்தக் காலத்தோடு போயிற்று. இப்போது ஒரு தேர்வு மையத்துக்குப் போய்த்தான் எழுத வேண்டும்.

அந்த இடத்தைப் பிடிப்பது குடும்பத்தின் பொறுப்பு, வகுப்பு நடத்துகிறவருடையது கிடையாது. பிள்ளையின் பள்ளியோ, இல்லாவிட்டால் அருகிலுள்ள வேறொரு பள்ளியோ, தன் ஏபி ஒருங்கிணைப்பாளர் மூலம் தேர்வுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். வெளி மாணவரை ஏற்க வேண்டிய கட்டாயம் எந்தப் பள்ளிக்கும் இல்லை. ஆர்டருக்கான கெடு நவம்பர் நடுவில் வரும், தாண்டினால் கூடுதல் கட்டணம். 2025 தேர்வுக்கு அமெரிக்காவில் கட்டணம் 99 டாலர். ஆகஸ்டிலேயே இரண்டு மூன்று பள்ளிகளுக்கு எழுதிப் போட்டுவிடுவது நல்லது. செப்டம்பர் கடைசியில் கேட்டால் "இடம் முடிந்துவிட்டது" என்ற பதில் வர வாய்ப்பு அதிகம்.

சரி, எதை எடுப்பது? ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இதுதான் முதல் ஏபி என்றால், சிறிய நேரலை வகுப்பு. நேர மண்டலம் ஒத்துவராமல் போனால் வாரக் கெடு வகுப்பு, முதல் சில வாரம் பெரியவர் துணையோடு. எழுதுவதில் ஏற்கெனவே ஓரளவு தேர்ந்த, நாட்காட்டியைத் தானே பார்த்துக்கொள்ளும் பதினோராம் வகுப்புப் பிள்ளைக்கு நேரலையைத் தேடி அலைய வேண்டாம். வாரக் கெடு வகுப்பே போதும், பெரும்பாலும் அதுவே மேல். ஏபி உலக வரலாறோ ஏபி அமெரிக்க வரலாறோ எழுதி 4, 5 வாங்கிய பிள்ளைக்கு டிபிக்யூவின் இலக்கணம் முன்பே தெரியும், மூன்று பாடத்துக்கும் ரூப்ரிக் ஒரே அச்சு. அவருக்குச் சுயபடிப்பும் கட்டணத் திருத்தமும் நியாயமான வழி. மிச்சமாகும் பணத்தில் நல்ல பாடநூல் ஒன்று வாங்கலாம்.

எந்த வகுப்பாக இருந்தாலும் பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கடந்த ஆண்டு மாணவர் எழுதி, அந்த ஆசிரியர் திருத்திய டிபிக்யூ ஒன்று, பெயரை நீக்கிவிட்டு. ஓரக் குறிப்புகள் எத்தனை, அவை கேள்விகளா அல்லது "குட் ஜாப்" வகையா, எழுதிய தேதிக்கும் திருத்திய தேதிக்கும் எத்தனை நாள் இடைவெளி என்று பாருங்கள். விளம்பரக் காணொளி அனுப்புகிறோம், அதைப் பாருங்கள் என்று பதில் வந்தால் அடுத்த வகுப்பைத் தேடலாம்.